தாங்குதல் நலமாகுமா?

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே பலாபத்வல என்னும் ஊர் அமைந்துள்ளது. வீதியோரமெங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகும் சாதிக்காயும் கராம்பும் கொக்கோவும் ஒன்றன் நிழலில் ஒன்று வளர்கின்றன. உல்லாசப் பயணிகள் இறங்கிப் பார்த்து, எண்ணெய்ச் சீசாக்களை வாங்கிக்கொண்டு செல்கின்றனர். அவர்களுடைய கண்ணிற் படாத மேட்டு நிலங்களிலிருந்தும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் எங்கள் பாடசாலைக்கு நடந்து வருகின்றனர். அவர்களுக்குத் தமிழ் கற்பிப்பது என் தொழில்.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவரைப் ‘பொறுமை’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். எழுதத் தொடங்குமுன் வழக்கம்போலச் சில குறிப்புகளும் சொன்னேன். வள்ளுவர் பொறையுடைமைக்கு நிலத்தை உவமை காட்டினார். நாம் மரத்தையும் காட்டலாம். அது வெயிலைத் தாங்கி நிழல் தருகிறது, கல்லெறியைத் தாங்கிக் கனி தருகிறது என்றேன். முப்பது கட்டுரைகளில் இருபத்தொன்பது என் சொற்களையே எனக்குத் திருப்பித் தந்தன. ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் ஐந்தே வாக்கியங்களில் முடிந்திருந்தது:

“மரத்தைப் போலப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சேர் சொன்னார். என் அம்மா இறப்பர்ப் பால் வெட்டுகிறார். இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு வெட்டமாட்டார்கள். மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அம்மா நாளைக்கு அடுத்த பகுதி மரங்களை வெட்டுவார்.”

எத்தனை புள்ளி இடுவதென்று தெரியாமல் அந்தக் கொப்பியை மூடி வைத்தேன். அவள் எழுதியது முழுவதும் உண்மை. இறப்பர் மரத்தை ஓயாது வெட்டினால் ஒரு கட்டத்தில் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஆகவே மரங்களை இரு பகுதிகளாக வகுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை நெடுங்காலமாக இந்நாட்டில் வழங்குகிறது. மரத்தின் களைப்பை விஞ்ஞானம் அளந்தது. அளந்ததைத் தோட்டத்தின் கணக்கேடும் ஏற்றுக்கொண்டது. வெட்டுகிறவரின் களைப்பு எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது?

தாங்குதல் நலமாகுமா? தாங்குகிறவரைப் புகழ்வது அறமாகுமா? இவ்வினாக்கள் என்னைச் சில மாதங்கள் விடவில்லை. பேராதனையில் விவசாய விஞ்ஞானம் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது இதனை அவரிடம் சொன்னேன். மரம் எவ்வாறு தாங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று கூறி, பழமரங்களின் புரதங்களை ஆராயும் விஞ்ஞானிகளின் கட்டுரைகள் சிலவற்றை அவர் எனக்கு விளக்கினார். தமிழாசிரியனுக்கு விளங்கிய அளவில் அவற்றை இங்கே சொல்கிறேன். என் வினாவுக்கான விடையிற் பெரும்பகுதி அங்கேதான் கிடைத்தது.

2

செடிகொடிகளைத் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர் என்று வகுத்தது தொல்காப்பியம். அவை தூண்டலுக்கு எதிர்வினை காட்டுவதை நுண்கருவிகளாற் பதிவுசெய்து காட்டினார் ஜகதீஷ் சந்திர போஸ். 1917-ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் மரம் அசையாது நிற்பதனாலேயே அது செயலற்று நிற்கிறது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மை இதற்கு நேர்மாறானது. வெயில் சுட்டால் விலங்கு நிழலுக்கு ஓடும். நீர் வற்றினால் பறவை வேறிடம் பறக்கும். ஓட முடியாத மரம் தன் உடம்பினுள்ளேயே வேலை செய்தாக வேண்டும். அவ்வேலையைச் செய்பவை புரதங்கள்.

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் மீனும் நம் நினைவுக்கு வருகின்றன. உயிர்க்கலத்தினுள்ளே புரதம் உணவாக மட்டும் இருப்பதில்லை; கருவியும் அதுவே, கட்டடமும் அதுவே, காவலும் அதுவே. அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி அது. அச்சங்கிலி குறித்த வகையில் மடிந்து சுருண்டால்தான் வேலை நடக்கும். எவ்வெவ்வகையில் அது மடியக்கூடும் என்பதற்கு இலக்கணம் போன்றதொரு வரைபடத்தை 1963-ஆம் ஆண்டு வெளியிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவர் குழுவினரும். அவ்வரைபடம் உலகெங்கும் இராமச்சந்திரன் பெயராலேயே வழங்குகிறது.

மடிப்புக் குலைந்தால் புரதம் பயனற்றுப் போகும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்நீரிலே கட்டிப்படுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்; கடும் வெப்பத்தில் உயிர்க்கலத்துக்கு நேரக்கூடிய ஆபத்தும் அதன்பாற்பட்டதே. 1962-ஆம் ஆண்டு ஃபெருச்சோ ரித்தோசா என்னும் இத்தாலிய விஞ்ஞானி பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவை இருந்த பெட்டியின் சூடு தவறுதலாக உயர்ந்துவிட்டது. அவ்வெப்பத்தில் கலங்களின் நிறமூர்த்தங்களிலே அதுவரை அடங்கிக் கிடந்த இடங்கள் புடைத்தெழுந்து வேலைசெய்யத் தொடங்கியதை அவர் கண்டார். அவ்வேலையின் விளைவாகப் பிறக்கும் புரதங்கள் இன்னவை என்பது 1974-ஆம் ஆண்டு தெரியவந்தது. வெப்பத்தால் குலையும் மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடித்து, அவை மீண்டும் மடிவதற்கு உதவுவது இவற்றிற் பலவற்றின் தொழில். ஈயிலும் மனிதனிலும் மாமரத்திலும் இவை உள்ளன.

ஒரு மரம் நெருக்கடியில் இருக்கும்போது இத்தகைய புரதங்களுள் எவை கூடின, எவை குறைந்தன என்று எண்ணிப் பார்ப்பதே இந்த ஆராய்ச்சி. நீர் பாய்ச்சிய மரத்தின் இலையையும் நீர் நிறுத்திய மரத்தின் இலையையும் எடுத்து, கடுங்குளிரில் உறையவைத்துத் தூளாக்கிப் புரதத்தைப் பிரிக்கின்றனர். பழமரங்களில் இது எளிதன்று. வாழைக்காய் நறுக்கிய கை கறுப்பதையும் பலாக்காய் வெட்டுமுன் கையிலே எண்ணெய் தடவிக்கொள்வதையும் நாம் அறிவோம். அக்கறையும் பாலும் பிசினும் ஆய்வுகூடத்திலும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டா என்கின்றன. அவற்றை நீக்கிய பின், கூழ் போன்றதொரு பலகையிலே புரதங்களை இட்டு மின்னோட்டம் செலுத்துவர். சிறியவை விரைந்து ஓடும், பெரியவை பின்தங்கும். 1970-ஆம் ஆண்டு லெம்லி செம்மைப்படுத்திய முறை இது. 1975-ஆம் ஆண்டு ஓ’ஃபரல் என்பவர் மின்னேற்றத்தால் ஒரு திசையிலும் பருமனால் மற்றொரு திசையிலுமாகப் பிரித்து, ஒரே பலகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதப் புள்ளிகளைத் தனித்தனியே காட்டினார். இன்று திணிவு நிறமாலைமானி அப்புள்ளிகளின் பெயரையும் சொல்லிவிடுகிறது.

இப்புரதங்களைக் கண்ணுக்குக் காட்டும் நீலச் சாயத்திற்குக் ‘கூமாசி’ என்று பெயர். இன்றைய கானா நாட்டில், அசாந்தி மக்களின் தலைநகராக விளங்கிய குமாசியை ஆங்கிலேயப் படை கைப்பற்றியதை நினைவுகூர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கம்பளிச் சாயத்திற்கு இடப்பட்ட பெயர் அது. ஆய்வுகூடத்தில் அப்பெயரை உச்சரிப்பவருட் பலர் அது ஓர் ஊர் என்று அறியார். விஞ்ஞானம் தூய்மையானதென்று நாம் கருதும் அறையிலும் வரலாறு ஒரு புட்டியில் அடைபட்டு நிற்கிறது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. இலையில் ரூபிஸ்கோ என்னும் நொதியம் ஒன்று இருக்கிறது. காற்றின் கரியமில வாயுவைப் பிடித்து மாவாகவும் சர்க்கரையாகவும் ஆக்கும் தொழிலில் முதற்கை வைப்பது அதுவே. இலையிற் கரையக்கூடிய புரதத்தில் ஏறத்தாழப் பாதி வரையும் அது ஒன்றே இருக்கக்கூடும். அத்தனை பெரும்பான்மையாக இருப்பதனால் பலகை முழுவதையும் அதுவே நிரப்பி, நெருக்கடியிற் சிறிதளவே தோன்றும் காவற் புரதங்களை மறைத்துவிடுகிறது. அதனை விலக்கினால்தான் அவை கண்ணுக்குப் புலப்படும். விளைச்சலை மட்டும் எண்ணுகிற கணக்கிலே விளைவித்தவரின் பாடு மறைந்துபோவதும் ஏறத்தாழ இவ்வாறே.

3

இத்துறையில் முன்னோடியான ஆய்வொன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கியர்னீஸ்வில் பழமர ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றது. ராஜீவ் அரோராவும் மைக்கேல் விஸ்னியெவ்ஸ்கியும் பீச் என்னும் பழமரத்தை ஆராய்ந்தனர். நம் நாட்டுக்கு அது அயலான மரம். ஆயினும் அது சொல்லும் செய்தி அயலானதன்று. உடன்பிறந்த பீச் மரங்களில் இருவகை உண்டு. ஒருவகை குளிர்காலம் நெருங்கும்போது இலையுதிர்த்து உறங்கும். மற்றது ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்க முயலும். இருவகை மரங்களின் பட்டையையும் மாதந்தோறும் எடுத்துப் புரதங்களை ஒப்பிட்டபோது, குளிர் நெருங்க நெருங்க ஒரு புரதம் பெருகிவருவதைக் கண்டனர். அது டீஹைட்ரின் என்னும் இனத்தைச் சேர்ந்தது என்று 1994-ஆம் ஆண்டு அறிவித்தனர். கொதிக்க வைத்தாலும் அது முட்டை வெள்ளையைப் போலக் கட்டிப்படாது. நீரிற் கரைந்தே நிற்கும். உறைபனியிற் கெட்டுவிடக்கூடிய வேறொரு நொதியத்தின் அருகே அதனை வைத்தபோது அந்நொதியம் கெடாமற் காக்கப்பட்டது என்று 1999-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. குளிரில் மட்டுமன்றி நீர்ப் பற்றாக்குறையிலும் இது தோன்றுகிறது. உறைபனியும் வறட்சியும் நமக்கு இரு வேறு துன்பங்கள். கலத்துக்கோ இரண்டும் நீர் இழப்பே.

இந்த ஆய்வுகள் சொல்லும் மூன்று உண்மைகள் என் வினாவுக்கு நேரே வந்து நின்றன.

முதலாவது, அமைதி நலத்துக்குச் சான்றாகாது. இலை வாடுவதற்கு முன்பே, கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத் தோன்றும்போதே, உள்ளே புரதங்களின் கணக்கு மாறத் தொடங்கிவிடுகிறது. வெளியே நின்று பார்ப்பவன் ‘மரம் நன்றாக இருக்கிறது’ என்கிறான். மரம் நன்றாக இல்லை. நன்றாக இருப்பது போலத் தோன்றுவதற்காக உள்ளே உழைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, தாங்குதலுக்கு விலை உண்டு. காவற் புரதங்களைச் செய்வதற்கு நைதரசனும் சக்தியும் வேண்டும். அவை எங்கிருந்தோ இலவசமாக வருவதில்லை. வளர்ச்சிக்கும் கனிக்கும் உரியவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நெருக்கடி நீடித்தால் மரம் தன் முதிய இலைகளின் புரதத்தைச் சிதைத்து, அதிலுள்ள நைதரசனை இளந்தளிருக்கும் வித்துக்கும் அனுப்புகிறது. முதிய இலை மஞ்சளாகி உதிர்கிறது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் இந்நாட்டில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதும் நாம் அறிந்தவை. அந்நாள்களில் விவசாயிகள் வெளிறிய பயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றார்கள். இயற்கை விவசாயம் நல்லதா அன்றா என்பது வேறு விவாதம். மாறுவதற்குக் காலம் கொடாமல் மாறச் சொன்னதன் விலையை முதலில் பயிரும், பின்னர் பயிரிட்டவரும், இறுதியில் உண்டவரும் கொடுத்தோம்.

மூன்றாவது, தாங்குவதற்குக் காலமும் ஓய்வும் வேண்டும். பீச் மரம் ஒரே இரவில் குளிருக்கு ஆயத்தமாவதில்லை. பகல் குறைவதையும் காற்றுக் குளிர்வதையும் வாரக்கணக்கில் உணர்ந்து, இலையுதிர்த்து, உறங்கச் செல்கிறது. அவ்வாறு ஓய்வு கொள்ளும் மரமே கடுங்குளிரை ஆழமாகத் தாங்கியது. எப்போதும் பச்சையாக நின்ற உடன்பிறப்பு அந்த அளவுக்குத் தாங்கவில்லை. திடீரென்று வந்து விழும் குளிர், வலிய மரத்தையும் கொன்றுவிடும்.

இங்கே ஒருவர் மறுத்துரைக்கலாம்: துன்பம் கனி தருவதும் உண்மையன்றோ? வறட்சிக்குப் பின் மா நிறையப் பூக்கிறதே? ஆம். சிசிலித் தீவின் எலுமிச்சை விவசாயிகள் கோடையில் மரத்துக்கு நீரை நிறுத்தி, வாடவிட்டு, மீண்டும் பாய்ச்சிப் பருவமல்லாத பருவத்தில் பூக்கச் செய்வர். பிறர் தோட்டங்களிற் காய் இல்லாத காலத்தில் தம் காயை நல்ல விலைக்கு விற்பர். நம் ஊர்களிலும் பட்டுப்போகும் மரம் கடைசியாக அள்ளிக் காய்க்கும் என்று முதியோர் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பூவை யார் வேண்டினார்கள்? நீரை நிறுத்தியவர் தாமே தாகத்தில் நின்றாரா? துன்பம் கனி தரும் என்னும் தத்துவத்தைப் பெரும்பாலும் போதிப்பவர் கனியைப் பறிப்பவரே. மேலும், கணக்கறிந்த எலுமிச்சை விவசாயி நீரை நிறுத்துவதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார். எல்லை கடந்தால் மரம் சாகும், மரம் செத்தால் அவருக்கு நட்டம். மனிதரைப் பொறுத்தவரை அந்த எல்லையும் பலவேளைகளில் இல்லை. ஒருவர் விழுந்தால் அவ்விடத்துக்கு மற்றொருவர் கிடைப்பார்.

4

மரத்திலிருந்து மனிதனுக்குத் தாவுவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். உவமையிலே உண்மையை நிறுவ முடியாதுதான். ஆனால் இதே வாதம், உவமையாக அன்றி நேராகவே, மனித உடம்பைப் பற்றி ஒருமுறை நடந்திருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். வறிய நாடுகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களையெல்லாம் போசாக்குக் குறைந்தோர் எனக் கணக்கிடுவது தவறு. மிதமான பற்றாக்குறைக்கு உடம்பு தன்னைச் சிறிதாக்கிக்கொண்டு இசைந்துவிட்டது. ஆகவே அவர்களிற் பெரும்பாலோர் சிறியர், ஆயினும் நலமுடையர் என்றார். கணக்கிலே பசித்தோர் தொகை ஒரு பேனா வீச்சிற் சுருங்கிப்போகும் வாதம் இது.

இதனை எதிர்த்து 1983-ஆம் ஆண்டு எழுதியவர் சேலத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்த போசாக்கு விஞ்ஞானி சி. கோபாலன். ஹைதராபாதிலுள்ள தேசிய போசாக்கு நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்தியவர் அவர். உடம்பு சிறுத்துப் பிழைத்திருப்பது உண்மை. அதனை நலம் என்று அழைப்பதே பொய் என்பது அவர் வாதத்தின் சாரம். வளர்ச்சி தடைப்பட்டது என்பது இசைவின் வெற்றியன்று, இசைவுக்குக் கொடுத்த விலை. உழைக்கும் வலு குறைகிறது. கற்கும் வலு குறைகிறது. அவ்வாறு வளர்ந்த பெண் தாயாகும்போது அடுத்த தலைமுறையும் எடை குறைந்தே பிறக்கிறது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளுக்கு ஏற்காத அளவுகோலை ஏழையின் பிள்ளைக்கு மட்டும் எடுத்து வைப்பதென்ன நியாயம் என்றும் அவர் கேட்டார். ஏழ்மைக்கு உடம்பு இசைந்துகொள்ளும் என்று விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லிவிட்டால், ஏழ்மையை ஒழிக்க வேண்டிய கடமையிலிருந்து சமுதாயம் தப்பித்துக்கொள்ளும்.

பீச் மரத்தின் பட்டையில் விஞ்ஞானிகள் கண்டதும் கோபாலன் பிள்ளைகளின் உடம்பிற் கண்டதும் ஒரே நியதியை. உயிர் தாங்குகிறது, தாங்குவதற்காக வளர்ச்சியை விற்கிறது.

இது பழைய வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் 2016-ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் மட்டும் ஏறத்தாழ 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் பாலும் எத்தனை வீடுகளின் சட்டியிலிருந்து மறைந்தன என்பதை ஆசிரியர்கள் அறிவோம். காலை வணக்கத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி நிழலில் கிடத்தியவர்கள் நாம். மரத்தின் புரதத்தை ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்கு வரையும் அளக்கத் தெரிந்த காலத்தில், பிள்ளையின் தட்டில் உள்ள புரதத்தைக் கரண்டியால்கூட அளக்காமல் விட்டிருக்கிறோம்.

5

எங்கள் ஊரைக் கடந்து செல்லும் இந்த வடக்கு வீதிக்கு இன்னுமொரு நினைவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த உழைப்பாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சி வந்து சேர்ந்தவரைப் பார்த்துத் துரைமார் சொன்னது, இவர்கள் எதையும் தாங்கக்கூடிய இனம் என்பதுதான். தாங்காதோர் வீதியோரத்தில் புதைந்து கிடந்தனர் என்பது அந்தப் புகழுரையில் இடம்பெறவில்லை.

1869-ஆம் ஆண்டு கோப்பி இலையில் துரு நோய் கண்டது. கோப்பி அழியத் தொடங்கியதும் அரசு விழித்துக்கொண்டது. 1880-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் வரவழைக்கப்பட்டார். அவர் பூஞ்சணத்தின் வாழ்க்கையை இலையிலையாக ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு ஓர் அரிய பாடத்தைக் கற்பித்தது. மலைக்குப் பின் மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதனாலேயே, காற்றிற் பறக்கும் வித்திகளுக்கு முடிவில்லாத விருந்து கிடைத்தது. செடி ஏன் தாங்கவில்லை என்று கேட்கச் சென்றவர், தோட்டம் ஏன் இவ்வாறு நடப்பட்டது என்னும் வினாவுக்கு வந்து சேர்ந்தார். நேர்மையான விஞ்ஞானம் எப்போதும் இவ்விரண்டாவது வினாவுக்கு வந்து சேரும் என்றே நான் கருதுகிறேன். இலையின் நோய்க்கு இங்கிலாந்திலிருந்து அறிஞரை அழைத்த அரசு, கோப்பியைப் பறித்தவரின் மரணத்துக்கு அத்தனை விரைவாக அறிஞரைத் தேடவில்லை என்பதும் வரலாறே.

ஆகவே தாங்குதிறனை ஆராய்வது தவறு என்று நான் சொல்லவரவில்லை. பூமி சூடேறிவருகிறது, மழை தன் பருவத்தை மறந்துவருகிறது. தம்புள்ளைப் பக்கத்து உலர்வலயத்தில் நாற்பது மாமரங்களை நம்பி வாழும் விவசாயிக்கு, குறைந்த நீரில் பிழைக்கும் மரம் கிடைத்தால் அது அவர் வீட்டு அடுப்பெரியும் செய்தி. எந்த வகை எந்தப் புரதத்தால் தாங்குகிறது என்று கண்டு, அத்தகைய கன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கும் விஞ்ஞானி மக்களின் நண்பர். போராட்டத்திலும் தாங்குதல் வேண்டும். வேலைநிறுத்தத்தின் பத்தாவது நாளில் அரிசிப்பானை வெறுமையாக இருக்கும்போது உறுதியோடு நிற்பவரின் பொறுமையை நான் வணங்குகிறேன். அவர் தம் முடிவால், ஒரு முடிவுக்காக, ஓர் எல்லைவரை தாங்குகிறார். வள்ளுவர் போற்றிய பொறையும் அவ்வகையினதே. திருப்பித் தாக்கும் வலுவிருந்தும் பொறுத்துக்கொள்பவனுக்கே அது பெருமை. வேறு வழியில்லாதவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பதில் யாருக்கும் பெருமையில்லை.

தமிழிலே ‘பொறை’ என்னும் சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள். சுமை என்றும் பொருள். பல்கலைக்கழகத்தில் இதனைப் படித்தபோது சொல்லாராய்ச்சிக்கு உரிய ஒரு விந்தையாக மட்டும் குறித்துக்கொண்டேன். இப்போது அதன் நீதி தெரிகிறது. சுமை இல்லாத இடத்தில் பொறுமை என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஆதலால் ஒருவருடைய பொறுமையைப் புகழ்கின்றவன், அதே மூச்சில் அவர் தலைமீதுள்ள சுமையையும் சொல்லியாக வேண்டும். அச்சுமையை யார் வைத்தார், அதனாற் குறைந்தது எது, விளைந்த கனி யாருக்குப் போயிற்று என்று சொல்லியாக வேண்டும். இவற்றைச் சொல்லாமற் பொறுமையை மட்டும் புகழ்வது, ரூபிஸ்கோவை மட்டும் கண்டுவிட்டு இலையை அறிந்துவிட்டேன் என்பது போன்றது.

6

இரண்டு வாரம் கழித்து அந்தக் கொப்பியைத் திறந்தேன். ‘கட்டுரை சுருக்கமாக உள்ளது’ என்று எழுதப்போன கையை நிறுத்தி, அதற்கு முழுப் புள்ளி இட்டேன். பின்னர், அம்மாணவியின் இசைவோடு வகுப்பில் அதனை வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “சேர், அப்பிடியெண்டா மரத்தை விட மனிசரைத் தானே கூடுதலாகப் பார்க்க வேணும்?” என்று கேட்டான். மரத்தையும் பார்க்க வேண்டும் என்றேன். மரத்தைச் சரியாகப் பார்த்தவர்களிடமிருந்துதான் மனிதரைப் பார்க்கும் முறையை நான் கற்றேன் என்றும் சொன்னேன். அவனுக்கு அது முழுவதும் விளங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த கட்டுரைக்குப் ‘பொறுமை’க்குப் பதிலாகச் ‘சுமை’ என்று பொருள் கொடுத்தேன். முப்பது கட்டுரைகளும் முப்பது விதமாக வந்தன.

இதனால் அந்தத் தாயின் வேலைநாளில் ஒரு மணி நேரமும் குறைந்துவிடவில்லை. விடியுமுன் கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு அவர் இன்றும் மலையேறுகிறார்; இன்றைய மரங்களை வெட்டுகிறார்; நாளைய மரங்கள் ஓய்வெடுக்கின்றன. வகுப்பறையில் ஒரு சொல்லைத் திருத்துவது கூலியைத் திருத்துவதாகாது என்பதை நான் அறிவேன். கூலியைத் திருத்துவது ஒன்றுபட்ட மக்களின் பலம். ஆனால் அந்தப் பலத்தைக் கரைப்பதற்கு நூறாண்டுகளாகப் பயன்பட்டுவரும் சொற்களில் ஒன்று நம் வாயிலிருந்தும் பிறந்துகொண்டிருக்கிறது. ‘பொறு, மரத்தைப் போலப் பொறு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. மரம் அவ்வாறு சொல்லவில்லை. தன்னைத் தேய்த்துத்தான் தாங்குகிறேன், எனக்கும் எல்லை உண்டு, எனக்கும் ஓய்வு வேண்டும் என்பதே அதன் பட்டையிலும் இலையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படிக்கத் தெரிந்த பின்னும் பழைய பாடத்தையே நாம் நடத்தலாகாது.